தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு அமுதவள்ளிதான் அங்கன்வாடி டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஒரு பிள்ளை சாப்பிடாமல் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தத் தெருப் பெண்கள் காலையிலேயே பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசப் போய்விடுவார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் புருஷன் சட்டைப் பையில். பதிவுக்கு நம்பர் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். "என் நம்பரையே போட்டுக்கறேன், போங்கடி" என்பாள் அமுதவள்ளி. மேலே யாராவது ஏனென்று கேட்டார்களா? கட்டம் நிரம்பினால் சரி, அவ்வளவுதான்.

ஒருநாள் சென்னையிலிருந்து சிவசங்கரி வந்தாள். அங்கன்வாடி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடப் பதிவுகளை ஒன்றாக இணைத்து, எந்தக் குடும்பத்துக்கு எந்த உதவி போய்ச் சேரவில்லை என்று ஆராய்கிற வேலை அவளுக்கு.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. ஏன்?"

"கம்ப்யூட்டர்ல இந்தத் தெருப் பசங்கள்ல பாதிப்பேர் உங்க பிள்ளைங்களா இருக்காங்க."

ஆயா காசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அமுதவள்ளிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிவசங்கரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயும் நம்பரை வச்சுதான் ஆளைப் பாக்கறாங்க. இருதய டெஸ்டுக்கு இந்த நம்பர்ல ஒரு பையன் போயிட்டு வந்திருக்கான். அதோட இந்த நம்பருக்குப் பாத்தாச்சுன்னு முடிச்சிட்டாங்க. இனிமே இந்த நம்பர்ல இருக்கற வேற பிள்ளையைக் கூப்பிட மாட்டாங்க."

அமுதவள்ளியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஐயோ, ஆண்டாள் மகள்! பொங்கலுக்கு முன்னால் வந்த டாக்டர், இருதயத்தில் ஓட்டை இருக்கும்போல, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று சொன்ன பிள்ளை. கொஞ்சம் ஓடினாலும் உதடு நீலம் பாரிக்கிறது. ஆண்டாள் தினமும் கேட்பாள். இவளும் தினமும், "வரும்டி, பொறு" என்று அதட்டி அனுப்புவாள். அடிப்பாவி, இந்தக் கையாலேயே ஒரு பிள்ளையின் வழியை அடைத்தேனே!

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பொம்மைக் கம்பெனிக்கு ஓடினாள். ஆண்டாள் வர்ணக் கையோடு எழுந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், போன் வந்துடுச்சா?"

"வராதுடி. என்னாலதான் வரல. கெளம்பு, நாமளே போவலாம்."

ஆண்டாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டோவில் அமுதவள்ளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஆண்டாள் திட்டவில்லை, பிள்ளையை மட்டும் அவள் மடியிலிருந்து தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்: "போன் நம்பர் சொல்லுங்க."

"தொண்ணூத்தி நாலு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அமுதவள்ளி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.