அட்டை பஸ்ஸின் ஸ்விட்ச்

மகளின் பொம்மை வீட்டு விளக்குக்காக ஒயர் நுனியைத் தீக்குச்சியால் சுட்டு உரித்தபோது எழுந்த வாடையில், மலைமேல் எடப்புளி நாட்டில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓட்டு அறை, பிறகு ரோடு போடுவதற்காக இடித்துவிட்ட அந்த அறை, மிளகு மணத்தோடும் ஜன்னலில் நுழையும் பனிமூட்டத்தோடும் நினைவுக்கு வந்தது.

பள்ளிக் கண்காட்சிக்காக அங்கே நானும் என்னோடு படித்த செல்வியும் செய்த அட்டை பஸ்ஸின் விளக்குக்கு நான்தான் ஸ்விட்ச் வைத்தேன். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுப் போனால், காலையில் பேட்டரி தீர்ந்திருக்கும். அறைச் சாவி செல்வியிடம் இருந்ததால், அவள் வீட்டு ரேடியோ பாடும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நம்ம பேட்டரியத்தான உங்க ஊட்டு ரேடியோவுல போடுற?"

"நான் தொடவே இல்ல புள்ள," என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று விளக்கை அணைத்த பிறகு பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பல்புக்குப் போகும் ஒயரின் நடுவே வைக்க வேண்டிய ஸ்விட்சை, பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேராக இணைக்கும்படி வைத்திருந்தேன். அதை அழுத்தினால் விளக்கு அணையும். பேட்டரியோ விடிய விடிய வீணாகும்.

செல்வியிடம் ஓடிப்போய்ச் சொல்லி, சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"செரி, உடு புள்ள," என்றாள்.

மறுநாள் வந்தாள். ஆனால் அதன்பின், சாவி கையில் இருந்தும் நான் வரும்வரை வாசலிலேயே நிற்பாள். தனியாக அந்த அறைக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை.