கோட்டுக்கு வெளியே ஒரு கால்

இக்னேசியஸை நிறுத்தவேண்டுமென்றால் ஏதாவதொன்றை முறிக்கத்தான் வேண்டும் என்பது ஸ்காபரோ ஞாயிறு லீக்கில் எல்லோருக்கும் தெரியும். மன்னாரில் கபடி விளையாடி வளர்ந்த மனுசன். கிழமை முழுக்க பிறம்ரனில் வெயர்ஹவுஸ் பெட்டிகளைத் தூக்குவான். ஞாயிற்றுக்கிழமை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற கனேடியன் ஃபுட்போல் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆட்களை இடித்து விழுத்துவான். அதில் அவனுக்கு இரண்டு பல்லும் ஒரு விலா எலும்பும் போயிருந்தன. அதற்கெல்லாம் அவன் அசையவில்லை. இந்த நாட்டுக்கு வந்து அவன் ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்த லீக் கோப்பை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இறுதியாட்டத்தில் அவனுடைய அணி நான்கு புள்ளி பின்னுக்கு நின்றது. முடிய ஒரு நிமிடமும் இல்லை. புள்ளியில் பின்னுக்கு நிற்கிறவன் பந்தோடு ஓடினால் நேரம்தான் போகும், பந்தை எறியுங்கள் என்று கோச் தொண்டை கிழியக் கத்தினார். எறிகிறவன் இக்னேசியஸின் சித்தி மகன் அலெக்ஸாண்டர். எறிந்த இரண்டும் வீண். இரண்டாவதில் அவனையே விழுத்தி மூக்கை உடைத்தார்கள். மூன்று தரத்துக்குள் பத்து யார் முன்னேற வேண்டும்; மூன்றாவதும் பிழைத்தால் பந்து மற்ற அணிக்குக் கைமாறிவிடும்.

தம்பியின் இரத்தத்தைக் கண்டதும் இக்னேசியஸுக்கு வெறி ஏறியது.

"என்னட்டைத் தா," என்றான்.

"தாறன் அண்ணை. கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டுப் பக்கக் கோட்டுக்கு வெளியால போங்கோ. அப்பதான் மணிக்கூடு நிக்கும். கடைசியா ஒருக்கா எறியலாம்."

"ஓம், போறன்."

ஓடினான். குறுக்கே வந்தவனின் தாடையில் தோளை இறக்கினான். அவன் சாக்குமூட்டை மாதிரிச் சரிந்தான். அடுத்தவனின் கையை மிதித்துக்கொண்டே போனான். தேவையான தூரம் தாண்டியாயிற்று. பக்கத்திலே வெள்ளைக் கோடு. அங்கே ஒருவருமில்லை. ஒரு காலை வெளியே வைத்தால் போதும்.

வைக்கவில்லை. கபடியில் பக்கக் கோட்டைத் தாண்டினவன் செத்தவன். சின்ன வயதிலிருந்து அந்த உடம்பு படித்த பாடம் அது. கோட்டைக் கண்டதும் கால் தானாக உள்ளே திரும்பியது. உள்ளே நான்கு பேர் நின்றார்கள். முதல் அடியில் மூச்சு நின்றது. இரண்டாவதில் காறை எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவனுக்கு மேலே கிடந்தவர்கள் எழும்ப முதலே நேரம் முடிந்துபோயிற்று.

அலெக்ஸாண்டர் ஓடிவந்து, முறிவையும் பாராமல் அவனைப் பிடித்து உலுக்கினான்.

"ஏன் அண்ணை வெளியால போகேல்லை?"

"கால் கேக்கேல்லையடா," என்றான் இக்னேசியஸ்.

பிறகு அந்தக் கோப்பைக்காக, எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதான்.