வேலி போட்ட மூலை நிலமும் எங்கள் நைனாவும்

எங்கள் தகப்பனார் நைனாவின் வருடத் திதிக்கு வந்து, எங்களோடு இலையில் உட்கார்ந்த உறவுகளுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம்.

நைனா நாகலாபுரத்துக்கு மேற்கே மலையடியில் பிறந்தார். யாரையும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். ஆனால் எதையும் லேசில் நம்பவும் மாட்டார். காரணம் உண்டு. உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் எங்கள் மலையில் குண்டு போட்டுப் பழகியது. சண்டை முடிந்து பட்டாளம் போயிற்று. வெடிக்காத குண்டுகள் மண்ணிலேயே தங்கிவிட்டன. பித்தளை கிடைக்குமென்று ஒன்றைத் தட்டிப் பார்த்த சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணும் போயின. அதற்கப்புறம், ஏர் பூட்டும் முன் நைனா நிலம் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்.

ஆந்திரா பிரிந்து எல்லைத் தகராறு நடந்த சமயம், அளக்க வந்தவர்கள் எல்லை அடையாளமாக அங்கங்கே இரும்பு முளை அடித்தார்கள். அதைப் பிடுங்கிப் போட்டால் ஊர் மெட்ராஸ் பக்கம் நின்றுவிடும் என்று நம்மவர்கள் நம்பினார்கள். ஒரு மழைக்குப் பின் எங்கள் மூலை நிலத்தில் ஓர் இரும்பு தலைகாட்டியது. அத்தை மகன் ஆட்களோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அது முளை இல்லடா. கிட்ட போவாத" என்றார் நைனா.

"உனக்கு எப்பிடித் தெரியும் மாமா? பட்டாளத்துல சமைச்சிக்கினு இருந்தியா?"

"கண்ணு போனவன் வூட்லதான் கீறான். போய்க் கேளு."

"ஆந்திராக்காரங்க உன்ன மடக்கிட்டாங்க. அதான் காவல் காக்கற."

நைனா இரும்புக்கு முன்னால் போய் நின்றார். "மொதல்ல என்மேல போடு கடப்பாரைய."

திட்டிக்கொண்டே திரும்பினார்கள். நைனா சத்தியவேடு போய்ப் போலீஸில் சொன்னார். கோள் சொல்லப் போனதாக ஊர் பேசியது. டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

பிறகு பட்டாளத்து ஆட்கள் வந்து, மண்மூட்டை அடுக்கி, அந்தக் குண்டை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். மாடுகள் கயிறறுத்து ஓடின. அன்று கடப்பாரை தூக்கிய அத்தை மகனும் அதைப் பார்த்தார். மறுநாள் வேலி கட்ட முள் வெட்டி வந்தவரும் அவரே.

"இங்கா ஏமி லேது, பெத்தாயனா. ஒண்ணும் இல்ல பெரியவரே, இனி உழலாம்" என்று வெடித்த அன்றே சொல்லியிருந்தார் வந்த அதிகாரி.

"நீ பாத்தது ஒண்ணு சாமி. பாக்காதது?" என்றார் நைனா.

எல்லை தீர்ந்தது, ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மூலை நிலத்தில் மட்டும் ஏர் இறங்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதும், "மூலையில யாராச்சும் எறங்கினாங்களா?" என்றே கேட்டார்.

கடைசிவரை பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரத்துக்கும், தோள் கொடுத்த அத்தை மகனுக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேண்டுகோள். கிளம்பும் அவசரத்தில் குறுக்கு வழியென்று யாரும் வேலிக்குள் கால் வைக்காதீர்கள். ஏரிக்கரை சுற்றியே போங்கள். பஸ் போனால் இன்னொரு பஸ் வரும்.