குழம்பு மீனும் பிளாக்செயினும்

போன வாரம் கனகசெட்டிக்குளம் கரையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெயிலால் இல்லை... பிளாக்செயினால்!

அது என்ன என்கிறீர்களா? அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா? மீன் கரையேறியதும் எடையையும் விலையையும் போனில் ஏற்றுகிறார்கள். படகுக்காரர், வியாபாரி, சென்னை ஓட்டல்காரர் — எல்லோரும் பார்க்கலாம். யாரும் அழிக்க முடியாது. நடுவில் இருப்பவன் யாரையும் ஏமாற்ற முடியாது. நடுவில் இருப்பவன் நான்தான்! ஒரு காலத்தில் தலையில் மீன் கூடை சுமந்து, இன்று ஐஸ் வண்டிகள் ஓட்டுகிற வியாபாரி. எனக்கென்ன பயம்? இந்தக் கரையில் முதலில் சரி என்றவனே நான்தான்.

அன்று வந்தது படகுக்காரி அஞ்சலையின் மீன். கரையில் எடை போட்டாயிற்று. என் வண்டியில் ஏற்றும்போது மறுபடி எடை — குறைகிறது! கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஷர்மிளாவின் போன் சிவப்பாகிவிட்டது. சென்னைக்காரர் லோடை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். படகுக்காரரும் கடலுக்குப் போனவர்களும் வீட்டுக் குழம்புக்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். அப்புறம்தான் எடை. அன்று ஷர்மிளா முந்திக்கொண்டு எடை போட்டுவிட்டாள்; குழம்பு மீன் அதற்கப்புறம் போனது. அவளுக்கு வழக்கம் தெரியாது. எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

“இன்னாண்ணே, எம் போட்டை திருட்டு போட்டுன்னு காட்டுதாமே?” அஞ்சலை பொங்கினாள். “எங்க வூட்டு கொழம்பு மெட்ராஸ் வரைக்கும் தெரியணுமா?”

“அழிச்சுடும்மா” என்றேன் ஷர்மிளாவிடம்.

“அழிக்க முடியாதுங்கய்யா. காரணம் வேணா சேக்கலாம். என்னன்னு போட?”

“இவங்களும் சோறு திங்கிறாங்கன்னு போடு!” என்றாள் அஞ்சலை.

ஷர்மிளா சிரிக்காமல் அப்படியே போட்டாள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருவழியாகச் சென்னையிலிருந்து பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எடையில் கை வைக்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் போனில் ஏறிவிட்ட குழம்பு மீனை நாளைக்கு ஒருவன் கேட்பானே... ‘இவ்வளவு எதுக்கு?’ என்று?

மறுநாள் ஷர்மிளா பொறுமையாக நின்றாள். “நீங்க எடுத்துக்குங்கக்கா, அப்புறம் எடை போடறேன்.”

அஞ்சலை மீனில் கை வைத்தாள். நிறுத்தினாள். “எடுத்துக்கட்டுமாம்மா?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் கேட்டதில்லை.

“கேக்காத... எடு!” என்று கத்திவிட்டேன்.