மைசூர்பாகின் இன்டுரேஷன்

வறட்டு இருமல் மூன்று வாரமாக விடவில்லை. காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் மாண்டூ டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேபில் முன்கையில் ஓர் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் அந்த இடம் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்துவிட்டது. உயில் எழுதும் மனநிலையில்தான் திரும்பப் போனேன்.

லேப் அம்மா சிவப்பைச் சட்டை செய்யவே இல்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

"செவப்பு எவ்ளோ இருந்தாலும் கணக்குல வராது சார். தோலு எவ்ளோ தூரம் கெட்டியா கீதுன்னுதான் பாக்கணும். அதுக்குப் பேரு இன்டுரேஷன்."

மூன்று மில்லிமீட்டர்தான். பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இருமல் சிரப்பில் அடங்கியது. அந்த வார்த்தை மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

அந்த வாரம் மாமனார் மைசூர்பாகு கிளறினார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சமையலில் இறங்கியவர். செய்வதோடு நிற்க மாட்டார், அபிப்பிராயமும் கேட்பார். ஒரு துண்டை முன்பல்லால் கடித்தேன். நடக்கவில்லை. கடைவாய்க்குத் தள்ளினேன், அங்கேயும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியமில்லை, பொய் சொல்லவும் மனமில்லை.

"இன்டுரேஷன் பிரமாதம் மாமா" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. மாலைக்குள் எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் டப்பா போனது, மாப்பிள்ளை இங்கிலீஷிலேயே பாராட்டினார் என்ற செய்தியோடு. மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

மறுநாள் காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு அதே லேபுக்குப் போன மாமனார் அங்கேயும் ஒரு டப்பாவை நீட்டி, இன்டுரேஷன் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சிரித்து முடித்து அர்த்தம் சொல்ல வெகுநேரம் பிடித்ததாம்.

திரும்பி வந்தவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கெட்டியா கீதுன்னு என்னாண்டயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள? தெருவெல்லாம் நானே சொல்லிகினு வந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சநேரம் முறைத்தவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. மிச்சமிருந்த துண்டுகளை நான்தான் இடித்துப் பொடியாக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு மணி நேரம் இடித்தேன். அவர் அந்தப் பொடியைச் சுண்டக் காய்ச்சிய பாலில் போட்டுக் கிளறினார். அப்படி ஒரு ருசி. மனைவி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். நான் மறுபடி கிண்ணத்தை நீட்டுவதற்குள் மாமனார் பாத்திரத்தை மூடிவிட்டார். மீதி எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும்.

கொண்டுபோய்க் கொடுத்தது நான். வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதும் நான்தான்.