எந்தத் தாங்கியில் ஊற்றினேன்?

இன்று ஆல்பனியில், வீட்டு ஹீட்டிங் குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்து வாங்கினேன். "முன்பு பாவித்திருக்கிறீர்களா?" என்று கடைப்பெண் கேட்டதும், பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

1987இல் எல்லர்ஸ்லியில் வாடகை வீடு. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கறுப்புத் தண்ணீர் வந்தது. பிளம்பரைக் கூப்பிடாமல் நானே கூரைக்குள் ஏறி, அங்கிருந்த தண்ணீர்த் தாங்கியில் இதே மருந்தை ஊற்றிவிட்டு வீரனாக இறங்கினேன். தாகத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீரும் குடித்தேன்.

சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, அரிசி கழுவுற தண்ணி நுரைக்குது! எந்தத் தாங்கியில ஊத்தினனீங்கள்?"

"மேல இருக்கிறதில."

"மேல ரெண்டெல்லோ இருக்கு!"

சின்னது ஹீட்டிங்குக்கு. பெரியது குடிதண்ணீருக்கு. நான் பெரியதைத்தான் கௌரவித்திருந்தேன்.

போன் செய்ததும் டாக்டர் உடனே வரச்சொன்னார். மத்தியானம் முழுக்க என்னை அங்கேயே இருத்திவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அதுவரை அழுதுகொண்டிருந்த மனைவி முகத்தைத் துடைத்தாள்.

"பரவாயில்லை. உங்கட குடல் இனித் துருப்பிடிக்காது."

இன்றுவரை விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவர் துருப்பிடிக்காத மனுசன்."

வீட்டில் இப்படிப் பட்டம் வாங்கிய வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். தனியாக இருக்க வெட்கமாக இருக்கிறது.