கெப் கூரையில் ஒரு நீளப் பை

தூண்டில் தடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் ஒரு பெரிய வேலையா என்று கேட்பவர்கள், சாய்ந்தமருதில் நதீராவின் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அவளுடைய புருசன் ஜவுபரிடம் பழைய கெப் ஒன்று இருந்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருக்கலாம். பின்னால் திறந்த பெட்டி. கிழமை நாளில் அதில் சீமெந்தும் நெல்லும் ஏற்றுவான். ஓய்ந்த நாளில் பெரியநீலாவணைப் பாக்கியராசாவைக் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் தூண்டில் போடக் கிளம்பிவிடுவான்.

பாக்கியராசா சுனாமிக்கு முன்னர் சொந்தத் தோணியில் தொழில் செய்தவர். அலை அந்தத் தோணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மதிலில் அடித்து இரண்டாக்கியது. நிவாரணத்தில் புதுத் தோணி தருகிறோம் என்று வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடலில் ஏறவும் மாட்டார், கடலை விடவும் மாட்டார். கரையில் நின்று தூண்டில் வீசுவார்.

தடிகள் நாலு. ஜவுபர் கட்டாரில் இருந்து கொண்டுவந்த ஃபைபர் தடிகள் இரண்டு. இரண்டாகக் கழற்றக் கூடியவைதான், ஆனால் உப்பும் மணலும் ஏறி மூட்டு இறுகி, இனி ஒருவராலும் கழற்ற முடியாது. பாக்கியராசாவின் மூங்கில் தடிகள் இரண்டும் பிறந்ததில் இருந்தே ஒரே துண்டு. தடி நீளம், வண்டி கட்டை. சண்டை அங்கேதான் தொடங்கியது.

முதலில் பெட்டிக்குள் கிடத்தி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளில் சிவப்புத் துணி கட்டினார்கள். கல்முனையில் பின்னால் வந்த பஸ் ஒரு நுனியை மடக்கென்று முறித்தது. பஸ்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை. “ரோட்டில ஆரு உங்கள மீன் புடிக்கச் சொன்ன?” என்று ஏசிவிட்டுப் போனான்.

பிறகு பெட்டியின் மூலையில் குழாய்த் துண்டுகளை வைத்துத் தடிகளை நிமிர்த்தி நட்டார்கள். பார்க்க நல்ல வடிவு. ஒழுங்கையால் வெளிக்கிட்ட முதல் நாளே தூண்டில் முள் ஒன்று றஸாக் வீட்டு உடுப்புக் கொடியில் மாட்டிக்கொண்டது. பிரதான வீதி வரைக்கும் றஸாக் பின்னால் ஓடி வந்தான். “ஜவுபர் காக்கா! என்ட பொஞ்சாதிர பாவாடைய எங்க கொண்டு போறீங்க?”

மூன்றாவது, கெப்பின் கூரைக்கு மேல் கிடத்திக் கட்டுவது. முன்னாலும் பின்னாலும் அளவாக நீட்டிக்கொண்டு நின்றது. ஆனால் குண்டுக்கும் குழிக்கும் தடிகள் ஒன்றோடொன்று மோதி, நூல் ஓடும் வளையங்கள் எல்லாம் கழன்று விழுந்தன.

“உங்களுக்கு மீனும் படுதில்ல, தடியும் நிக்குதில்ல,” என்றாள் நதீரா. “பேசாம சந்தையில சூடை மீன் வாங்கிட்டு வாங்க மச்சான், ஆணம் காய்ச்சித் தாறன்.”

சொன்னாலும், சும்மா இருக்கிற ஆள் அவள் இல்லை. கோழிக்கூடு சரிந்தாலும் கூரை ஒழுகினாலும் நாலு ஏச்சு ஏசிவிட்டு அவளே நிமிர்த்துவாள். சுனாமிக்குப் பிறகு ஒரு வருசத்துக்குக் கிட்ட அவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள். அந்தத் துணி பச்சை நிறம், தண்ணீர் உள்ளே போகாது. வீடு கட்டி முடிந்ததும் மடித்துப் பரணில் போட்டிருந்தாள். அதை இறக்கி வெட்டி, தடிகளுக்கு நீளமாக ஒரு உறை தைத்தாள். உள்ளுக்குள் பழைய சாறன் துண்டுகளை அடைத்தாள். வாயில் கயிறு போட்டால் ஓட்டத்தில் அவிழும் என்று தடிகளை உள்ளே விட்டு நைலோன் நூலால் இறுக்கித் தைத்தாள். ஜவுபர் பழைய டியூப் ரப்பரை நாடாவாக வெட்டி, உறையைக் கூரையோடு இழுத்துக் கட்டினான்.

“தங்கச்சி, இது பூட்டின மாதிரி இருக்கு,” என்றார் பாக்கியராசா.

ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அந்தப் பச்சைத் துணி அந்தக் கரையில் எந்த வீட்டில் இல்லை? மாட்டுக்கொட்டிலுக்கு அதுதான் கூரை, கிணற்றடிக்கு அதுதான் மறைப்பு. பார்த்துப் பார்த்து அது வெறும் துணியாகவே தெரிந்தது. கல்முனைப் பக்கத்தில் வண்டிகளைச் சோதிக்கும் இராணுவச் சென்றிகளிலும் வண்டியைத் தெரியும், மீன்காரர் என்று கையைக் காட்டி விட்டுவிடுவார்கள்.

2009ஆம் ஆண்டு, வன்னியில் சண்டை உச்சத்தில் நின்ற மாதம். பொத்துவிலில் நதீராவின் அக்காவுக்கு, அவள் ராத்தாவுக்கு, பேரப்பிள்ளை பிறந்திருந்தது. தன்னை அங்கே இறக்கிவிட்டு இவர்கள் கோமாரியில் தூண்டில் போடட்டும் என்று அவளும் வண்டியில் ஏறினாள். மடியில் இனிப்புக்கு வட்டிலப்பச் சட்டி. ஜவுபர் ஓட்டினான், இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் அவள் இருக்க முடியாதென்று பாக்கியராசா பின் பெட்டிக்குப் போய்விட்டார்.

அக்கரைப்பற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சென்றி. அன்றைக்கு அதில் நின்றவர்கள் புதியவர்கள்.

முதலில் ஒருவன் கையைக் காட்டினான். ஜவுபர் வேகத்தைக் குறைத்தான். பிறகு அவன் கண் கூரைக்குப் போனது. போன கண் திரும்பவில்லை. அவன் ஏதோ கத்த, மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். மூன்று துவக்கும் கெப்பைப் பார்த்தன.

“அத் உஸ்ஸண்ட! அத் உஸ்ஸண்ட!”

சிங்களம் தெரியாத நதீராவுக்கும் அது விளங்கியது. கையைத் தூக்கினாள். வட்டிலப்பச் சட்டி மடியில் இருந்து உருண்டு காலடியில் கவிழ்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூரையில் பச்சை நிறத்தில், ஆளை விட நீளமாக, வாய் தைத்த ஒரு பை. அதை ஏற்றிக்கொண்டு யுத்த காலத்தில் சென்றிக்கு முன்னால் வந்திருக்கிறோம். ‘அல்லாஹ்வே, என்ட கைய முறிக்கணும்.’

எல்லாரையும் இறக்கி வீதியோரம் நிற்க வைத்தார்கள். பைக்குக் கிட்டப் போக ஒரு சிப்பாயும் விரும்பவில்லை. மூன்று அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தவன், தமிழ்ப் பெயர் இருந்த பாக்கியராசாவுடையதை மட்டும் இரண்டாம் தரம் பார்த்தான். பிறகு அவரைக் கூப்பிட்டு, கூரையைக் காட்டி, நீ போய்த் திற என்று சைகை செய்தான். மற்றவர்கள் பின்னுக்கு விலகினார்கள்.

பாக்கியராசா தனியாக நடந்து போனார். கெப்பின் பக்கப் பலகையில் ஏறி, பையின் வாயைத் தடவிப் பார்த்தார். தையல் இறுக்கம். விரலால் இழுத்தார், வரவில்லை. அவருடைய வலது கை மெதுவாக இடுப்புக்குப் போனது.

அங்கே என்ன இருக்கிறது என்று நதீராவுக்குத் தெரியும். இரை வெட்டும் கத்தி. அந்த மனிசன் நூலை அறுக்கத்தான் போகிறார். துவக்கு வைத்திருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

“அண்ணன்! கைய எடுங்க! இடுப்பில கை வைக்காதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் பாக்கியராசா அப்படியே உறைந்தார். ஒரு சிப்பாய் பாய்ந்து போய் அவரை இழுத்து இறக்கி, நிலத்தில் குப்புறத் தள்ளி, சாறனைத் தடவிக் கத்தியை எடுத்தான். அவர் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

“நான் தைச்ச. நான்தான் திறப்பன்,” என்றாள் நதீரா. ஒருவரின் பதிலுக்கும் நிற்கவில்லை. அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினாள். நூல் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். பல்லால் கடித்து முடிச்சை அறுத்து, இழுத்தாள். தையல் மளமளவென்று கழன்றது. சாறன் துண்டு வந்தது, மூங்கில் வந்தது, றீல் வந்தது. “மாளு! மாளு!” என்று தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைக் கத்தி, மீன் என்று காட்டினாள்.

ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் டியூப் நாடாக்களை வெட்டிப் பையைக் கீழே போட்டுக் கடைசி வரை கிழித்துப் பார்த்தார்கள். தடிகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

முடிந்தது என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. உள்ளே இருந்து அதிகாரி ஒருவன் வந்து, ஜவுபரிடமும் அவளிடமும் அட்டைகளைக் கொடுத்து, போகலாம் என்றான். பாக்கியராசாவை உள்ளே கூட்டிப் போகச் சொன்னான்.

“புள்ள, ஏறு,” என்றான் ஜவுபர் தாழ்ந்த குரலில். “ஊருக்குப் போய்ப் பெரிய ஆக்கள் ஆரையும் கூட்டி வருவம்.”

“நாம போய் வாறத்துக்குள்ள இந்த மனிசன் எங்க இரிப்பாரெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

அந்த நாட்களில் இப்படி உள்ளே போன எத்தனையோ பேரை, பெண்டாட்டிமார் ஒவ்வொரு வாசலாகத் தேடித் திரிந்துகொண்டிருந்தார்கள். பாக்கியராசாவின் மனைவி செல்லத்தங்கத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?

நதீரா வீதியோரம் கிடந்த மண்மூட்டையில் குந்திக்கொண்டாள். “மச்சான், இவனுக்குச் சொல்லுங்க. உறைய நான்தான் தைச்ச, புடிக்கிறதெண்டா என்னயப் புடிக்கச் சொல்லுங்க. அந்த மனிசனுக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியா. தடியையும் துவக்கையும் தெரியாத அளவுக்குக் கண்ணு கெட்டுப் போய்த்தா எண்டும் கேளுங்க.”

ஜவுபர் சிங்களத்தில் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னான்.

அதிகாரி அவனைப் பார்க்காமல் நதீராவைப் பார்த்தான். “நோனாக்கு வெயிலில தலையிடி எண்டு இவர் சொல்றார்,” என்றான் தமிழில். “நீங்க அப்பிடிச் சொல்லல்லயே. என்ட கண்ணைப் பத்தித்தானே சொன்னீங்க?”

ஜவுபரின் முகத்தில் இரத்தம் இல்லை. நதீரா எழும்பவில்லை.

“விளங்கினா நல்லதுதானே,” என்றாள். “பச்சைத் துணியில தைச்சது என்ட பிழை. வாயத் தைச்சதும் என்ட பிழை. அவர் என்ன செய்த?”

“கத்தி வைச்சிருந்தார்.”

“மீன்காரன் கத்தி வைக்காம, பேனையா வைக்கிற?”

அதிகாரி சிரிக்கவில்லை. ஜவுபர் பக்கம் திரும்பினான். “இந்த ஆள விடுறன். நாளைக்கு இவரால ஏதும் நடந்தா, ஆரு பொறுப்பு? நீங்களா?”

பாக்கியராசா சென்றி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜவுபர் நிலத்தைப் பார்த்தான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பொறுப்பு என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், எந்த ஊரில் எது வெடித்தாலும் முதலில் தன் கதவைத்தான் தட்டுவார்கள். அவன் வாய் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடியது.

“நான் பொறுப்பு,” என்றாள் நதீரா.

“நோனா, நான் அவரிட்டக் கேட்ட.”

“நான்தானே சொல்றன். என்ட ஐசிய வைச்சுக்கங்க.”

“ஓம்,” என்றான் ஜவுபர் கடைசியில். “நாங்கதான். அவர் எங்கட ஆள்.”

அட்டைகளை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்னும் வெகுநேரம் வெயிலில் நிற்க வைத்து, ஏதோ தொலைபேசியில் கதைத்து, பொழுது சாயத் தொடங்கும்போதுதான் பாக்கியராசாவை விட்டார்கள். கத்தியைத் திருப்பித் தரவில்லை.

பொத்துவிலுக்கு இனிப் போக முடியாது. வண்டியைத் திருப்பினார்கள். உறை கிழிந்து கிடந்தது, நாடாவும் இல்லை, தடிகளைக் கட்ட ஒன்றும் இல்லை. பாக்கியராசா தடிகளைப் பொறுக்கிக்கொண்டு பின் பெட்டியில் ஏறினார்.

“முன்னுக்கு வாங்க அண்ணன்,” என்றான் ஜவுபர்.

“வேணாம் தம்பி.”

நதீராவும் பின்னால் ஏறினாள். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அவள் அந்தப் பெட்டியில் ஏறியதில்லை, சீமெந்து மணக்கும் என்பாள். ஆளுக்கு இரண்டு தடியாக, எந்த நிறத் துணியும் இல்லாமல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். காற்றில் தடிகள் ஊளையிட்டன. ராத்தா தொலைபேசியில் எடுத்து, வராததற்கு ஏசினாள். “நான் மௌத்தாகிப் போகல்ல, அதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லு, வை,” என்று வெட்டினாள் நதீரா.

கொஞ்ச தூரம் போனதும் பாக்கியராசா, “தம்பி யோசிச்சது பிழையில்ல தங்கச்சி. நானெண்டாலும் யோசிச்சிருப்பன்,” என்றார்.

“யோசிச்சிருப்பீங்க. கொஞ்சம் சுருக்கா யோசிச்சிருப்பீங்க.”

அவர் தடிகளின் நுனியையே பார்த்துக்கொண்டு வந்தார். இனி இந்த மனிசன் இந்த வண்டியில் ஏறுவாரா என்று அவள் நினைத்தாள். கேட்கவும் பயமாக இருந்தது.

நிந்தவூர் வருமுன் அடுத்த சென்றி. அங்கே நின்ற சிப்பாய் தடிகளைக் கண்டான், அபாயாவோடு தடி பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைக் கண்டான், போ என்று கையைக் காட்டினான். போக வேண்டியதுதானே? ஜவுபர் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்கினான். பின்னால் கையை நீட்டி, தெரிந்த சிங்களத்தை எல்லாம் சேர்த்து, உரத்த குரலில் சொன்னான். இவர் எங்கட ஆள். இவருக்கு நான் பொறுப்பு. நான்தான் பொறுப்பு.

சிப்பாயின் முகம் மாறியது. கேட்காமலே ஒருவன் இறங்கி வந்து பொறுப்பு என்றால் சந்தேகம் வராமல் என்ன வரும்? துவக்கை நிமிர்த்தி, எல்லாரையும் இறங்கச் சொன்னான்.

“போச்சு!” என்றாள் நதீரா. “மச்சான், அங்க கேட்டான், நீங்க சொல்லல்ல. இங்க ஒருத்தனும் கேக்கல்ல, நீங்க சொல்றீங்க!”

ஜவுபர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். “பரவாயில்ல புள்ள. சொல்லிட்டன்.”

பக்கத்தில் ‘கிக்’ என்று ஒரு சத்தம். பாக்கியராசா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றார். அழுகிறாரோ என்று பதறித் திரும்பினாள். சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு.

“சிரிக்காதீங்க அண்ணன், சுட்டுப்போடுவான்,” என்றாள் அவள், தானும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு. மூன்று பேரும் அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியோரம் வரிசையில் நின்றார்கள்.